பின்னால் வருபவருக்கான விளக்கு

ஐப்பசி மழை நாலு நாள் அடித்து ஓய்ந்த பிறகு, கருங்குழி பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரம் நின்று, போகிற கார்களின் பின்பக்கத்தைக் கவனியுங்கள். சில கார்களின் சிவப்பு விளக்குக்கு உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும். சிலவற்றில் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீரே தேங்கி, கார் குலுங்கும்போதெல்லாம் அலைபாயும். ஒன்றில் இடதுபக்க விளக்கு எரியாது. இன்னொன்றில் பிரேக்கை அழுத்தினால், தொடர்பே இல்லாமல் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். ஓட்டுகிறவருக்கு இது எதுவும் தெரியாது. காரில் ஓட்டுநரின் கண்ணுக்கே படாமல், முழுக்க முழுக்கப் பிறருக்காக எரிகிற விளக்கு பின் விளக்குதான்.

வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்தார் என்று போற்றப்படும் கருங்குழி வடலூருக்கு அருகே இருக்கிறது. இது மதுராந்தகம் வட்டத்துக் கருங்குழி. படாளத்துக்கும் மதுராந்தகத்துக்கும் இடையே, சென்னை–திண்டிவனம் நெடுஞ்சாலையை ஒட்டிய பேரூராட்சி. சென்னையிலிருந்து தெற்கே போகும் பேருந்தும் லாரியும் காரும், வேடந்தாங்கல் போகிறவர்களும், மேல்மருவத்தூருக்குச் செவ்வாடையில் நடந்து போகும் பக்தர்களும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். இங்கே ஒரு காரின் பின் விளக்கு எரியாவிட்டால், அதன் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் பின்னால் வருபவர்.

இந்த விளக்கை வீட்டு வாசலிலேயே கழற்றித் துடைத்து, பசை போட்டு ஒட்டி மாட்டுகிற பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதைத் தவறு என்று நான் சொல்லவில்லை. உங்கள் கார், உங்கள் உரிமை. ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, தொடுவதற்கு முன் யாரிடம் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரியாமல் கைவைத்தால் காசும் போகும், வாரண்டியும் போகும், சில நேரம் உயிரும் போகும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அந்த ஆண்டு விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல், பின்னாலிருந்து வந்து மோதியவை. மோதல் வகைகளிலேயே அதுதான் முதலிடம். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலில் நின்ற மாநிலம் தமிழ்நாடு: 64,105. பின்னாலிருந்து மோதியவை எல்லாமே விளக்கு எரியாததால் நடந்தவை அல்ல. வேகம், தூக்கம், குடி, செல்போன் எல்லாம் சேர்ந்தவை அவை. ஆனால் மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடுகிறது. முன்னே ஒரு வண்டி நிற்கிறது என்பதைக் கண் ஒரு நொடி தாமதமாகப் பிடித்தால், இரண்டு பேருந்து நீளம் கைவிட்டுப் போய்விடும். அமெரிக்காவில் 1986 மாடலிலிருந்து கார்களின் பின்கண்ணாடி உயரத்தில் மூன்றாவதாக ஒரு பிரேக் விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். அந்த ஒரு விளக்கு பின்மோதல்களை 4.3 சதவீதம் குறைத்ததாகப் பிறகு செய்த அரசு ஆய்வு சொன்னது. இரண்டு விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும்போதே மூன்றாவது விளக்குக்கு இவ்வளவு பலன் என்றால், அந்த இரண்டில் ஒன்று அணைந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது

விளக்குக்குள் ஈரம் தெரிந்தாலே பழுது என்று நினைத்துவிடாதீர்கள். விளக்கு எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும். அணைத்தபின், அதுவும் மழை பட்டுக் குளிர்ந்தால், சுருங்கி வெளிக்காற்றை இழுக்கும். இந்த மூச்சுக்காகவே விளக்கின் பின்புறத்தில் சின்னத் துளையோ, வளைந்த ரப்பர் குழாயோ, காற்றை மட்டும் விடும் மெல்லிய சவ்வோ வைத்திருப்பார்கள். நம் ஊர்க் கார்த்திகை மாதத்து ஈரக்காற்று அந்த வழியே உள்ளே போய், கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோலப் படியும். விளக்கைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் ஓட்டினால் அது தானே மறைந்துவிடும். மறைந்தால் கவலை இல்லை. துளித்துளியாக வழிந்தாலோ, அடியில் தேங்கினாலோ, இரண்டு நாள் வெயில் அடித்தும் போகாவிட்டாலோதான் எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள்.

தண்ணீரைத் தடுப்பதாக நினைத்துச் சிலர் அந்த மூச்சுத் துளையைப் பசை வைத்து அடைத்துவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இல்லை. துளை அடைபட்டால், குளிரும்போது உள்ளே உண்டாகும் இழுப்பு வேறு எந்த மெல்லிய விரிசல் கிடைத்தாலும் அதன் வழியாக மழைநீரையே உறிஞ்சும்.

கசிவுக்கு மூன்று இடங்கள் உண்டு. முதலாவது, பல்பு ஹோல்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். பல்பு மாற்றும்போது அது நழுவியிருக்கும், அல்லது காய்ந்து இறுகியிருக்கும். இரண்டாவது, சிவப்புக் கண்ணாடியும் பின்பக்கக் கூடும் சேரும் விளிம்பு. மூன்றாவது, விளக்குக்கும் கார் உடம்புக்கும் நடுவே இருக்கும் ஸ்பான்ஜ் கேஸ்கெட். இந்த மூன்றாவதில் கசிந்தால் விளக்குக்குள் ஒன்றும் தெரியாது. டிக்கிக்குள் வழிந்து ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் தேங்கும். டிக்கியைத் திறந்தால் முடை நாற்றம் அடிப்பதும் கார்ப்பெட் ஈரமாக இருப்பதும் இதன் அடையாளம். பலபேர் விளக்கை உடைத்துத் திறந்து ஒட்டியும் கசிவு நிற்காததற்குக் காரணம், கோளாறு விளக்கில் இல்லாமல் இந்தக் கேஸ்கெட்டில் இருப்பதுதான். கேஸ்கெட்டை மாற்ற விளக்கைத் திறக்கவே வேண்டாம்.

தண்ணீர் செய்யும் உண்மையான கேடு பல்பு போவதல்ல. ஹோல்டரின் செம்பு, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் வீட்டு வாசலில் காரை நிறுத்துகிறவர்களுக்கு உப்புக்காற்றால் இது இன்னும் சீக்கிரம் வரும். களிம்பு ஏறினால் எர்த் இணைப்பு பலவீனமாகி, மின்சாரம் வேறு பல்பு வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கும். பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் முனகுவது அதனால்தான். புது பல்பு போட்டால் இது சரியாகாது. வெறும் களிம்பு எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: 2014 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. இணைப்பு ஒன்றில் அரிப்பு ஏறி, பிரேக்கை அழுத்தும்போது விளக்கு எரியாமலும் அழுத்தாதபோது எரிந்தும் தொல்லை கொடுத்தது.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. பின் விளக்கின் ஒரு பகுதியில் சிறு சிறு கட்டங்களாகத் தெரியும் இடம் ரிஃப்ளெக்டர். பேட்டரி செத்து, விளக்கெல்லாம் அணைந்து, கார் இருட்டில் ஓரமாக நின்றாலும் பின்னால் வரும் வண்டியின் வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். அந்தக் கட்டங்களின் உட்புறம் காற்று இருந்தால்தான் வெளிச்சம் சரியாகத் திரும்பும். அங்கே தண்ணீர் புகுந்து படிந்தால் அந்தப் பகுதி வெறும் சிவப்பு பிளாஸ்டிக்தான்.

கைவைக்கும் முன்

கார் வாரண்டியில் இருந்தால், ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். முதலில் செல்போனை எடுத்து, நீர் தேங்கிய விளக்கைத் தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போய், "விளக்குக்குள் தண்ணீர் புகுகிறது" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். வாயால் சொன்ன புகார் புகாரே அல்ல. "மழைக்காலத்தில் எல்லா வண்டியிலும் இப்படித்தான் சார்" என்று அனுப்பிவிட்டால், அந்தப் பதிலையும் மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். தேங்கி நிற்கும் தண்ணீர் இயல்பானதல்ல. விளக்கை நீங்கள் ஒருமுறை திறந்து ஒட்டிவிட்டால், கோளாறு தயாரிப்பிலேயே இருந்ததா உங்கள் கைவேலையில் வந்ததா என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. சாட்சியை நீங்களே அழித்தவராகிவிடுவீர்கள்.

அதே சமயம், வெளியே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்ததற்காகவே கார் முழுவதற்கும் வாரண்டி போய்விட்டது என்று யாராவது மிரட்டினால் தலையாட்ட வேண்டாம். உதிரி பாகங்களையும் பழுதுபார்க்கும் கையேடுகளையும் வெளி ஒர்க் ஷாப்களுக்குக் கொடுக்க மறுத்ததற்காக, 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் பழுதுபார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை போடக்கூடாது, அந்த வேலையால் எந்தப் பாகம் கெட்டதோ அந்த அளவுக்குத்தான் மறுக்கலாம் என்பதும் அந்த ஆணையில் உண்டு. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத் தொகையைக் குறைத்தாலும், ஃபோர்டு, நிசான், டொயோட்டா ஆகிய மூன்று நிறுவனங்கள் தவறு செய்தன என்பதை உறுதி செய்தது. பழுதுநீக்கும் உரிமைக்கென்றே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று ஒரு தனி இணையதளத்தைத் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று.

சர்வீஸ் சென்டர் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் செங்கல்பட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வர வேண்டும். கோளாறு தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமே இல்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்தான். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

வீட்டில் செய்வதென்றால்

வாரண்டி முடிந்த கார், மேலே சொன்னதெல்லாம் பொருந்தாது என்றால், கழற்றுவதில் பயப்பட ஒன்றுமில்லை. சாவியை எடுத்துவிடுங்கள். டிக்கியின் உட்பக்க மறைப்பை விலக்கினால் பெரும்பாலான கார்களில் இரண்டு மூன்று நட்டோ ஸ்க்ரூவோ தெரியும். அவற்றைக் கழற்றியபின் விளக்கை நேராகப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வெளி ஓரத்தில் பிளாஸ்டிக் ஊசிகள் கிளிப்பில் செருகியிருப்பதால், பக்கவாட்டில் நெம்பினால் அவை முறிந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் பூட்டை அழுத்தி விடுவியுங்கள். எந்த ஹோல்டர் எந்தத் துளையில் இருந்தது என்று முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது. பார்க்கிங்கும் பிரேக்கும் ஒரே பல்பில் எரியும் வண்டிகளில் அதற்குள் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். அந்த பல்பின் இரண்டு ஊசிகளும் வேறு வேறு உயரத்தில் இருப்பதே அதை மாற்றிப் போடாமல் இருக்கத்தான். வலுக்கட்டாயமாகத் திருகி மாற்றிப் போட்டால், சாதாரணமாக ஓட்டும்போது பிரேக் போட்டதுபோல் பளிச்சென்றும், பிரேக் போட்டால் மங்கலாகவும் எரியும். பின்னால் வருபவரை இதைவிட மோசமாக ஏமாற்ற முடியாது.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் பசை டியூபைத் திறக்காதீர்கள். ஹோல்டர்களைக் கழற்றி, துளைகளை டேப்பால் இறுக அடைத்து, விளக்கை ஒரு பக்கெட் தண்ணீரில் அமுக்கிப் பிடித்து, மூச்சுத் துளையில் ஒரு குழாய் வைத்து மெல்ல ஊதுங்கள். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பதுபோல, குமிழி கிளம்பும் இடம்தான் கசிவு. அந்த இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்துதான் பெரிய கேள்வி. கண்ணாடியைக் கூட்டிலிருந்து பிரிப்பதா? முன் விளக்குகள் பலவற்றில் சூடேற்றினால் இளகும் கறுப்புப் பசையால் ஒட்டியிருப்பார்கள். யூடியூபில் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் அவற்றைப் பற்றியவை. பின் விளக்குகளில் மிகப் பல அப்படி இல்லை. சிவப்பு அக்ரிலிக்கையும் பிளாஸ்டிக் கூட்டையும் உருக்கியே சேர்த்திருக்கிறார்கள். விளிம்பில் பசைக்கோடு தெரியாமல் உருகி உறைந்த வரப்பு மட்டும் தெரிந்தால், அது அப்படிச் சேர்த்தது. அதைச் சூடேற்றித் திறக்கவே முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்த விளக்கு பழைய நிலைக்குத் திரும்பாது. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே இளகி நெளியத் தொடங்கும். அடுப்பு, ஓவன், ஹீட் கன் மூன்றுமே இதற்கு எமன். பசையால் ஒட்டிய வகைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், ஹேர் டிரையரில் பொறுமையாகச் சூடு காட்டி, பிளாஸ்டிக் நெம்பியால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். என் கருத்து, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிரிக்கத் தேவையே இல்லை. குறித்து வைத்த இடத்தில் வெளியிலிருந்து அடைத்தாலே போதும்.

அடைப்பதற்கு முன் உள்ளே முழுக்கக் காய வேண்டும். ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டினால் அது அங்கேயே கிடந்து கெடுக்கும். ஹோல்டர் துளைகளைத் திறந்து வைத்து நிழலான காற்றோட்டத்தில் ஒருநாள் விடுங்கள். மழைநாளாக இருந்தால் குறைந்த சூட்டில் ஹேர் டிரையர். துடைக்கப் பெட்ரோலும் வேண்டாம், தின்னரும் வேண்டாம், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவமும் வேண்டாம். இவை அக்ரிலிக்கில் பட்டால் அன்றோ மறுநாளோ மெல்லிய கீறல் கீறலாக வெடிக்கும். சோப்புத் தண்ணீரே போதும். உடனே ஒட்டும் பசைகளும் ஆகாது. அவற்றின் ஆவி உட்புறத்தில் வெள்ளையாகப் படியும். எபாக்சி பட்டி காய்ந்தபின் கல்லாகிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும்போது அது கூடவே விரியாமல் விட்டுப்போகும்.

வேண்டியது சிலிக்கான்தான். அதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மீன்தொட்டி ஒட்டும் சாதாரண சிலிக்கானை மூக்கருகே கொண்டுபோனால் வினிகர் வாடை அடிக்கும். காயும்போது அது அமிலத்தை விடும். மூடிய இடத்தில் அந்த அமிலம் செம்பு முனைகளையும் எல்.இ.டி. பலகையையும் அரிக்கும். களிம்பைத் தடுக்கப் போய்க் களிம்பை நாமே ஊட்டிய கதையாகிவிடும். ஹார்டுவேர் கடையில் 'நியூட்ரல்' என்று டியூபில் அச்சிட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். விளிம்பில் பழைய பசையையும் அழுக்கையும் சுரண்டி எடுத்து, விடுபடாமல் ஒரே இழையாகப் போட்டு, ஒருநாள் முழுக்கக் காயவிட்டு, பக்கெட் சோதனையை மறுபடி செய்யுங்கள். கேஸ்கெட் நசுங்கியிருந்தால் புதிதாகப் போட்டு மாட்டுங்கள்.

மாட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. வீட்டில் ஒருவரைக் காருக்குப் பின்னால் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, பார்க்கிங், பிரேக், இரண்டு பக்க இண்டிகேட்டர், ரிவர்ஸ், நம்பர் பிளேட் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சமா, பிரேக் போட்டால் வித்தியாசம் கண்ணில் அடிக்கிறதா என்று அவர் சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் இரவில் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பின்பார்வைக் கண்ணாடியில் பாருங்கள்.

எல்.இ.டி. பலகையே பொசுங்கிய விளக்கு, பாதிக்கண்ணாடி உடைந்த விளக்கு, வெள்ளத்தில் மூழ்கிய விளக்கு மூன்றையும் ஒட்டிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள். மாற்றத்தான் வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய கார்கள் துடைத்துப் பளபளப்பாகப் பழைய கார் சந்தைக்கு வருவதுண்டு. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பின் விளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே வண்டல் மண் கோடாகப் படிந்திருந்தால், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வந்துவிடுங்கள்.

மாற்றுவதென்றால் நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. மறைமலை நகரில் ஃபோர்டு தயாரித்த கார்கள் இந்தப் பக்கம் நிறைய ஓடுகின்றன. இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் அறிவித்தது. மறைமலை நகர் ஆலையில் 2022 ஜூலையோடு கார் தயாரிப்பு நின்றது. உதிரி பாகமும் சர்வீஸும் தொடரும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனவே "ஸ்பேர் இல்லை" என்று வாயால் சொன்னால் விடாமல், ஆர்டரைப் பதிவு செய்து எழுத்தில் வாங்குங்கள். அவசரத்துக்குச் சென்னைப் புதுப்பேட்டை உதிரி பாகச் சந்தைக்குப் போகிறவர்கள், கழற்றிய அசல் விளக்கா, அசலைப்போல் செய்த டூப்ளிகேட்டா என்று பார்க்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற விளக்கின் கண்ணாடியில் தயாரிப்பாளர் பெயரும் அங்கீகாரக் குறியும் அச்சோடு வார்த்திருக்கும். டூப்ளிகேட்டில் அது இருக்காது, அல்லது ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். பில் இல்லாமல் வாங்கினால் பிறகு நுகர்வோர் என்ற உரிமையை நிலைநாட்டுவது கடினம். பில்லில் வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். இன்னும் 28 போட்டால் கேளுங்கள்.

இன்சூரன்ஸில் கேட்கலாமா என்பார்கள். நாள்பட்ட கசிவுக்கும் தேய்மானத்துக்கும் எந்தப் பாலிசியும் தராது. இடித்து உடைந்ததாக இருந்தாலும் கணக்குப் பாருங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலையைக் கழித்துவிடுவார்கள். விளக்கு 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 3,000. அதில் சின்ன காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வரும் 2,000 ரூபாய்க்காக, க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்கான தள்ளுபடியை இழப்பீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 105ஆம் விதிப்படி, காரின் பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். நம்பர் பிளேட்டின் வெள்ளை விளக்கு 15 மீட்டரிலிருந்து எழுத்தை வாசிக்கும்படி இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆபத்தை உண்டாக்கும் கோளாறோடு வண்டி ஓட்டினால் 1,500 ரூபாய் அபராதம். அந்தக் கோளாறால் விபத்து நேர்ந்து யாருக்காவது காயமோ சேதமோ ஆனால், மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே குற்றம்தான்.

ஸ்டைலுக்காகப் பின் விளக்கின்மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிற, பெயின்ட் அடிக்கிற, திறந்து உள்ளே கலர் கலராக எல்.இ.டி. வைக்கிற இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழுதை நீக்கி இருந்தபடி மாட்டுவது உங்கள் உரிமை. மாற்றி மாட்டுவது அந்த உரிமையில் சேராது.

காருக்கு இவ்வளவு சொல்கிறோம், டிராக்டர் டிரெய்லரை விட்டுவிட முடியாது. படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால், அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர்கள் இருட்டில் இந்தச் சாலையில் போகின்றன. பல டிரெய்லர்களில் பின் விளக்கே கிடையாது. இருந்தாலும் தொங்கும் கரும்புச் சோகை அதை மூடிவிடும். டிரெய்லருக்கும் இதே சட்டம்தான். இரண்டு சிவப்பு விளக்கும் ரிஃப்ளெக்டர் டேப்பும் ஒரு லோடு கரும்புக்கு முன்னால் செலவே அல்ல. ஆலை வாசலில் எடை போடும்போதே இதைப் பார்த்து அனுப்பும் ஏற்பாடு வர வேண்டும். இதை ஆலை நிர்வாகமும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்துதான் செய்ய முடியும்.

விளக்கில்லாமல் நின்ற வண்டியின்மீது நீங்கள் மோதி அடிபட்டால், "பின்னால் வந்து இடித்தவன்மேல்தான் தப்பு" என்று ஊர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம். நடுச்சாலையில் விளக்கோ எச்சரிக்கையோ இல்லாமல் நிறுத்திய டேங்கர் லாரியில் கார் மோதிய வழக்கில், கார் ஓட்டியவர்மீது உயர் நீதிமன்றம் பாதிப் பழி போட்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, முழு இழப்பீடும் தரச் சொன்னது. அதனால் அந்த இடத்திலேயே, முன்வண்டியின் பின் விளக்கு எரியவில்லை என்பதைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதல் தகவல் அறிக்கையிலும் அதை எழுதச் சொல்லுங்கள். வண்டிகளை நகர்த்தியபின் அதை நிரூபிப்பது கடினம்.

அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேர சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது இங்கே பக்கத்தில், மேல்மருவத்தூரில்தான். பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் இது செல்லும். எந்த மாநிலத்தவருக்கும் செல்லும். வருமானச் சான்றும் கேட்க மாட்டார்கள். 108-ஐ அழைப்பதோடு, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் 1033-ஐயும் அழையுங்கள். உதவி வரும்வரை நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தைப் பல அடி பின்னால் வைத்து, குடும்பத்தைச் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்துங்கள்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டில் ஒருவரைக் காருக்குப் பின்னால் நிற்க வைத்து எல்லா விளக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக் காரில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால் கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது தெரிய வேறு வழி இல்லை.